ஞாயிற்றுக்கிழமைப் பேன்

ஓய்வு பெற்ற ஆசிரியர்களாகிய நாம் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு புண்ணியவதி கொளுத்திப் போட்டுவிட்டார். 'சின்ன வயதில் உங்கள் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருந்தது? எழுதுங்கள்.' அவ்வளவுதான், ஆளாளுக்கு எழுதித் தள்ளிவிட்டீர்கள். ஒருவர் கோமுகி அணையில் குதித்துக் குளித்தாராம். ஒருவர் கள்ளக்குறிச்சி டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்தாராம். இன்னொருவர் சங்கராபுரத்துக் கறிக்குழம்பின் வாசனையை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். கீழே வரிசையாகப் பூங்கொத்து, கைகூப்பு, கண்ணீர் பொம்மை. படிக்கப் படிக்க எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் குளியல் மேல் எனக்குப் பகை இல்லை. என் ஞாயிற்றுக்கிழமை அப்படிப்பட்டதாக இல்லை, அதனால்தான்.

என் ஞாயிற்றுக்கிழமைக்கு மண்ணெண்ணெய் வாடை. அதையும் சொல்லி வைக்கிறேன். பூங்கொத்து போடாமல் படித்தால் போதும்.

அப்போது எனக்குப் பத்து வயது. அம்மா கல்வராயன் மலையில் ஆசிரியை. வெள்ளிமலை தாண்டிப் போகும் பஸ்ஸில் இறங்கி, அரை மணி நேரம் மேட்டில் நடந்தால் வரும் ஒரு பள்ளி. ஊர்ப் பெயர் வேண்டாம். பள்ளியோடு சேர்ந்து பெண் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன ஹாஸ்டல், அதன் பக்கத்திலேயே எங்களுக்கு ஓர் அறையும் அடுப்பங்கரையும். அப்பா கள்ளக்குறிச்சியில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. சனிக்கிழமை மதியம் பஸ் ஏறி எங்களிடம் வருவார், ஞாயிறு சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவார்.

தலை சொறியக்கூட நேரமில்லை என்று எல்லோரும் பேச்சுக்குச் சொல்வோம். அம்மாவுக்கு அது நிஜம். ஒரே கூடத்தில் மூன்று வகுப்புகள். ஒரு வகுப்புக்குக் கணக்கைப் போட்டுவிட்டு, அடுத்ததுக்குப் பாட்டைச் சொல்லிக்கொடுத்து, மூன்றாவதின் தலையில் குட்டுவாள். அந்த நேரத்தில் சமையல்கார அக்கா வந்து அரிசியில் புழு என்பாள். எந்தப் பிள்ளைக்காவது காய்ச்சல் என்பார்கள். ஹாஸ்டலுக்கென்று தனி ஆள் போடாததால் அதுவும் அம்மாவின் தலையில்தான் இருந்தது. இதற்கு நடுவில் நான் வேறு. மணி அடித்துவிட்டால் நான் அவளை 'அம்மா' என்று கூப்பிடக்கூடாது, 'டீச்சர்' என்றுதான் கூப்பிட வேண்டும். மறந்து அம்மா என்று கூப்பிட்டால் அன்றைக்கு எனக்கு இரண்டு அடி கூட விழும். தன் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். அந்த மலையில் அப்படிச் சொல்ல யார் இருந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் பேன் நாள். காலையில் இருபத்திரண்டு பெண் பிள்ளைகளும் நானும் அழுக்குத் துணி மூட்டையோடு ஓடைக்குப் போவோம். துணியை அலசிப் பாறையில் காயப்போட்டுவிட்டு ரயில் வண்டி ஆட்டம் தொடங்குவோம். ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தி நெருக்கி உட்கார்ந்து, முன்னால் இருப்பவளின் தலையைப் பார்க்க வேண்டும். எடுத்த பேனைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து இன்னொரு நகத்தால் அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே ஏங்குவோம். யார் அதிகம் கொன்றாளோ அவளுக்குப் பெரிய பலாச்சுளை கிடைக்கும். ஆனி மாதம் அங்கே பலாவுக்குப் பஞ்சமில்லை. நகமெல்லாம் ரத்தம், நகக்கண்ணில் ஈரின் தோல், அதே விரலால் சுளையைப் பிய்த்துத் தின்போம். கையைக் கழுவினோமா என்று ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன், இல்லை.

அம்மா ஒரு பாறையில் உட்கார்ந்து கட்டுரை நோட்டுத் திருத்திக்கொண்டிருப்பாள். அவளிடம் இரண்டு பக்கமும் பல் வைத்த மரப் பேன்சீப்பு ஒன்று உண்டு. பல் இடுக்கிலெல்லாம் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு அப்பியிருக்கும். கடைசியில் எல்லோரையும் வரிசையாகக் கூப்பிட்டு அந்தச் சீப்பால் ஓர் இழுப்பு இழுத்து, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் தலையில் ஒற்றி அனுப்புவாள். அந்தச் சீப்பு எப்போது தொலைந்தது என்று தெரியவில்லை. தொலைந்ததில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வாரம் முழுக்க அடித்துத் திட்டிய அம்மா அந்தப் பாறையில்தான் சிரிப்பாள். அவளுக்கு இருந்த ஒரே விளையாட்டு அது. பிற்காலத்தில் நானும் பள்ளிக்கூடம், வீடு, பிள்ளை, விடைத்தாள் என்று முப்பது வருஷம் ஓடியவள். ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் சொந்தமில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அவளை மன்னிக்கிற எண்ணத்தில் இதை எழுதவில்லை.

அந்த ரயிலில் எப்போதும் கடைசிப் பெட்டி ஒருத்திதான். வகுப்பில் என்னோடு ஒரே பலகையில் உட்காருபவள். பலகைத் தோழி என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து மலையூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். கடையில் பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைக்கூட விடமாட்டாள், எண்ணெய்க் கறையோடு எழுத்துக்கூட்டி வாசிப்பாள். அவள் மற்றவர் தலையைப் பார்ப்பாள், தன் தலையை யாரும் தொட விடமாட்டாள், அம்மாவின் சீப்புக்கும் நீட்டமாட்டாள். இடுப்பு வரைக்கும் முடி. ஒற்றைச் சடையாகப் பின்னி, நுனியில் மஞ்சள் கயிறு கட்டியிருப்பாள். அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லையாம். இவளாவது தங்கட்டும், பத்தாம் வயது ஆடியில் பிறந்த முடியைக் கொண்டுவந்து காணிக்கை வைக்கிறோம், அதுவரை இரும்பு படாது என்று அவளைப் பெற்றவர்கள் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தார்கள். அந்த வருஷ ஆடிதான் அந்தப் பத்தாவது ஆடி. அவளுடைய அம்மா வாரா வாரம் வந்து அரப்பு போட்டுத் தேய்த்துத் தலை கசக்கி, தானே பின்னிவிட்டுப் போவாள்.

கடைசிப் பெட்டி அவள் என்றால் அவளுக்கு முன்பெட்டி நான். ஒவ்வொரு ஞாயிறும் என் தலையைப் பார்த்தது அவள்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் மே மாத லீவுக்கு நான் கள்ளக்குறிச்சியில் அத்தை வீட்டில் இருந்தேன். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அங்கே மின்விசிறி உண்டு, ரோஸ்மில்க் உண்டு, வாரம் இரண்டு சினிமா உண்டு. அத்தை மகள்கள் மூன்று பேரோடு ஒரே தலையணையில் படுப்பேன். மூன்று பேர் தலையும் புழுத்துக் கிடந்தது. விடிந்து பார்த்தால் தலையணை உறையில் பேன் ஊர்ந்து போகும். லீவு முடிகிற நேரத்தில் என் தலையையும் பார்த்துவிட்டு அத்தை சொன்னாள்.

"த பாரு, இங்கதான் ஏறிச்சின்னு உங்க அப்பன்கிட்ட வாயத் தொறந்த, அடுத்த லீவுக்கு இந்த வூட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது. தெரியுதா?"

தெரிந்தது.

பள்ளி திறந்து இரண்டாவது சனிக்கிழமை. அப்பா வந்து சாப்பிட உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து குனிந்து அப்பளத்தை எடுத்தேன். அவர் தட்டில், ரசம் சோற்றின் மேல் ஒன்று விழுந்தது. நல்ல கொழுத்த பேன். ரசத்தில் காலை உதைத்து நீந்தியது. அப்பா அதையே பார்த்தார். பிறகு தட்டைத் தள்ளிவிட்டு, எழுந்து போய் வாசலில் ஓங்கரித்தார்.

"டீச்சர் வூட்டுப் புள்ள தலையாடி இது?" என்று அம்மாவைக் கேட்டார். "ஊர்ப் புள்ளைங்களுக்கு சுத்தம் சொல்லித் தர்றியாம், தூ! இவள நான் கீழ கூட்டிக்கினு போயிடறேன். எங்க அக்கா வூட்ல வளரட்டும். அங்கயாவது சுத்தபத்தமா இருக்கும்."

அம்மாவின் முகம் செத்துப்போனது. என்னை விட்டுவிட்டு அந்த மலையில் தனியாக இருக்க அவளால் முடியாது. அப்பாவோ சொன்னால் செய்கிற ஆள். என் தலையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"யாருகிட்ட இருந்துடி ஏறிச்சி? சொல்லு!"

அப்பா வாயைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை வீட்டு மின்விசிறி என் கண்ணுக்குள் சுற்றியது. நான் பலகைத் தோழியின் பெயரைச் சொன்னேன்.

யோசிக்கக்கூட இல்லை ஒருவரும். "நெனச்சேன்," என்றாள் அம்மா. "பாக்காத தலை அது ஒண்ணுதான்." அப்பா, "காட்டுப் புள்ளைங்களோட ஒண்ணா உக்காந்தா வேற இன்னா ஏறும்?" என்றார். அதற்குமேல் நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய வேலையே வைக்கவில்லை. நான் சொன்ன பொய்யைவிட, அது எவ்வளவு சுலபமாகச் செலவானது என்பதுதான் இப்போது பெரிதாகத் தெரிகிறது.

மறுநாள் ஞாயிறு. அம்மா ஓடைக்குக் கட்டுரை நோட்டுக்குப் பதில் கத்தரிக்கோலும் ஒரு வெள்ளைத் துண்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். பலகைத் தோழியைப் பாறையில் உட்கார வைத்தாள். அவளுக்கு விஷயம் புரிந்ததும் இரண்டு கையாலும் சடையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், வேணா டீச்சர், இது சாமி முடி டீச்சர்."

"சாமிக்குப் பேனு நேந்துக்கினாங்களா உங்க வூட்ல? கைய எடு."

"ஆடி வரைக்கும் உடுங்க டீச்சர். அப்புறம் மொட்டைதான் டீச்சர்."

துணி அலச வந்த சமையல்கார அக்காவும் சொல்லிப் பார்த்தாள். "டீச்சர், நேந்துக்கின முடிங்க. அவங்க ஊர்ல சும்மா உட மாட்டாங்க. தலைய வேணா பிரிச்சிப் பாத்துடுங்க, கத்தரி எதுக்கு?"

பார்த்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. ஆனால் அப்பா சாயங்கால பஸ்ஸுக்குள் ஏதாவது செய்து காட்டச் சொல்லியிருந்தார். அம்மா பிரித்துப் பார்க்கவில்லை. சடையின் வேரில் கத்தரியை வைத்தாள். பலகைத் தோழி அழவில்லை, கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். சமையல்கார அக்கா திரும்பிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பேன் பாத்தாலும் பாக்கும், காத அறுத்தாலும் அறுக்கும்" என்று முணுமுணுத்தாள்.

சடை துண்டில் விழுந்தது. அப்புறம் ஒட்ட ஒட்ட ஒரு பக்கம் வெட்டிக்கொண்டு வந்தாள். பாதித் தலை முடிந்தபோது கத்தரி நின்றது. அம்மா துண்டில் கிடந்த முடியைக் கையால் விலக்கிப் பார்த்தாள். தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். வெட்டிய இடத்துத் தலைத்தோலை விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு பேன் இல்லை, ஓர் ஈர் இல்லை. அரப்பு வாசனைதான் வந்தது.

அம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

நான் காயப்போட்ட பாவாடையைத் திருப்பிப் போடுகிற மாதிரி நடித்தேன். என் கை தலைக்குப் போகத் துடித்தது, போகவில்லை. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அது எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரிந்தது. அந்த இடத்தில் கத்தரியைக் கீழே போட்டிருந்தால் இதை நான் எழுத வேண்டி வந்திருக்காது. அவள் மறுபடி குனிந்து மீதிப் பாதியையும் வெட்டி முடித்தாள்.

"முடியயாவது குடுங்க டீச்சர், அவங்க அம்மா வந்தா குடுத்துடறேன்," என்று சமையல்கார அக்கா கையை நீட்டினாள்.

"பேனு முடியப் பொத்தி வெக்கச் சொல்றியா?" என்றாள் அம்மா. துண்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டுபோய், எங்கள் அறைக்குப் பின்னால் குப்பைக் குழியில் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாள். முடி எரிகிற நாற்றம் உங்களுக்குத் தெரியும். பத்து வருஷத்து முடி, சுருங்கிச் சுருங்கி எரிந்தது. அவள் அவ்வளவு அவசரப்பட்டது எதற்கு என்று அன்று எனக்கு விளங்கவில்லை. யாராவது அந்த முடியைப் பிரித்துப் பார்த்துவிட்டால்? அதற்குத்தான். அப்பா வாசலில் இருந்தபடி, "முடிஞ்சிதா?" என்றார். "முடிஞ்சிது," என்றாள் அம்மா. அப்பா நிம்மதியாக பஸ் ஏறினார்.

செவ்வாய்க்கிழமை பலகைத் தோழியின் அப்பா வந்தார். சண்டைக்கு வந்த ஆள் மாதிரியே இல்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூடத்துக்கு வெளியே நின்றார்.

"பாப்பா தலைய வெட்டினதுக்கு நான் ஒண்ணும் கேக்க வர்ல டீச்சரு. தெரியாம செஞ்சிட்டீங்க. முடியக் குடுத்துடுங்க. மஞ்சத்துணில முடிஞ்சி வெச்சிருந்து, ஆடில கொண்டும்போய் சாமிகிட்ட போட்டுடறோம்."

அம்மா சாக்பீஸும் கையுமாக நின்றாள். "எரிச்சிட்டங்க," என்றாள்.

அந்த மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, மகளின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அவளுடைய சிலேட்டு பலகையிலேயே கிடந்தது. அந்த வாரத்துக்குள் அவர்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரையும் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஹாஸ்டலில் இருபத்திரண்டில் ஏழு பேர் மிஞ்சினார்கள். பேனைப் பெருமாளாக்கிவிட்டார்கள் இந்தக் காட்டு ஜனங்கள் என்றார் அப்பா. பெருமாளாக்கியது யார் என்று எனக்குத் தெரியும்.

சில நாள் காலையில் பலகைத் தோழி ஆடு ஓட்டிக்கொண்டு பள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் வருவாள். தலையில் ஒரு துண்டைச் சுற்றியிருப்பாள். நாங்கள் வாய்ப்பாடு சொல்லும்போது அவள் உதடும் அசையும். ஆடு நகர்ந்தாலும் அவள் நகரமாட்டாள். அம்மாவும் பார்த்தாள், நானும் பார்த்தேன். இருவரும் கூப்பிடவில்லை.

இன்னொன்றும் நடந்தது. அந்த ஞாயிற்றுக்குப் பிறகு ஓடையில் ரயிலும் இல்லை, பேன்சீப்பும் இல்லை; அம்மா என் தலையைத் தொடவே இல்லை. சடைகூடப் பின்னிவிடவில்லை. "பெரிய புள்ள ஆயிட்ட, நீயே வாரிக்கோ," என்றாள். என் தலையில் இன்னும் பேன் இருக்கிறது என்று அவள் பார்த்துவிட்டால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். கேட்டால் நான் சொல்ல வேண்டும். அதனால் அவள் பார்க்கவில்லை. அப்பாவிடம், "இப்ப சுத்தமாயிடுச்சிங்க," என்று சொன்னாள். சொன்ன பிறகு அது சுத்தமாக இருந்துதானே ஆக வேண்டும்? நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினேன். முடியை இறுக்கிக் கட்டி, யார் எதிரிலும் சொறியாமல் பழகினேன். ஐந்து வாரம். பின்கழுத்தில் புண் வந்து, நீர் வடிந்து, மயிர் ஒட்டிக்கொண்டது. படுத்தால் தலைக்குள் ஊர்வது கேட்கிற மாதிரியே இருக்கும். நல்ல பெயரைக் காப்பாற்றுவது என்றால் எனக்கு இன்றைக்கும் அந்தப் புண்ணின் வாடைதான் வருகிறது.

பிள்ளைகள் இல்லாத பள்ளியை மூடிவிடுவார்கள் என்ற பயத்தில், ஆனிக் கடைசியில் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு அவர்கள் ஊருக்குப் போனாள். ஒரு பலா மரத்தடியில் ஊர்ப் பெரியவரும் நாலைந்து ஆண்களும் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் ஒதுங்கி நின்றார்கள்.

"நேந்துக்கின முடி போயிடுச்சி," என்றார் ஊர்ப் பெரியவர். "ஆடிக்கு சாமி முன்னால நாங்க வெறுங்கையோட போயி நிக்கணும். அதுக்கு இன்னா சொல்ற டீச்சரு?"

"என் பொண்ணு முடிய எடுத்துக்கங்க," என்றாள் அம்மா. "இவளுக்கும் பத்து வயசுதான். உங்க பொண்ணோட ஒரே பலகையில உக்கார்றவ."

ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கிழவி, "பெரிய மனசும்மா டீச்சருக்கு," என்றாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள், அடக்கமாக. நான் அவள் பக்கத்தில் நின்றுகொண்டு, என் காதோரம் ஒன்று இறங்குவதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஊர்ப் பெரியவர் ஒத்துக்கொண்டார். பலகைத் தோழியின் அப்பாதான் கடைசியாகப் பேசினார். "ஆடியில முடி சாமிகிட்ட சேந்துட்டா, மறுநாளே பாப்பாவ இஸ்கூலுக்கு அனுப்பறேன். சேரலன்னா ஆடுதான் மேய்க்கும். அவ்ளோதான்." அவள் தன் அம்மாவின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்தது என் முகத்தை இல்லை, என் தலையை.

திருவிழாவுக்கு முதல் நாள் அம்மா எனக்குத் தலைக்கு ஊற்றினாள். ஐந்து வாரத்தில் முதல் தடவை. சீயக்காயை அள்ளி அப்பி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே தேய்த்தாள். புண்ணில் சீயக்காய் பட்டு நான் கத்தினேன். "சும்மா இரு," என்றாள். அப்போதுகூடப் பார்க்கவில்லை.

கோயில் என்றால் ஒரு சின்னக் கல் மேடை, சுற்றி மரம். சாரல் பிடித்துக்கொண்டிருந்தது. கூழ் காய்ச்சுகிற புகை, பம்பைச் சத்தம், ஆட்டு மந்தை வாடை. என்னை ஒரு மணையில் உட்கார வைத்து எதிரே வாழை இலை விரித்தார்கள். முடி எடுக்கிறவர் ஒரு சொம்புத் தண்ணீரை என் தலையில் ஊற்றி, விரலை விட்டுத் தேய்த்தார். தண்ணீர் பட்டதும் அதுகள் வெளியே வரத் தொடங்கின. நெற்றிக்கு வந்தன, காதுக்கு வந்தன, அவருடைய விரலிடுக்கில் ஏறின. பச்சை வாழை இலையில் விழுந்து நாலா பக்கமும் ஓடின. அவர் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"அட ச்சீ! இன்னா டீச்சரம்மா இது?"

பெண்கள் பின்னால் நகர்ந்தார்கள். ஒருத்தி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பம்பை நின்றது. மலை ஜனங்கள் எங்களைப் பார்த்து முகம் சுளித்தது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

ஊர்ப் பெரியவர் இலையைப் பார்த்தார். "இந்த முடிய எப்டி ஆத்தா காலுல வெக்கறது?" என்றார். "வாணாம். எழுந்திரு பாப்பா."

நான் எழுந்தால் எல்லாம் போயிற்று. அம்மாவுக்கும் அது தெரியும். அவள் வாயைத் திறந்தாள். இப்போது சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். சொல்லிவிட்டால் பரவாயில்லை என்றுகூட இருந்தது எனக்கு. அம்மா கையை நீட்டினாள். பலகைத் தோழியைக் காட்டினாள்.

"எம் பொண்ணு தலையில ஏதுங்க பேனு? அதோ அது தலையில இருந்ததுதான் இதுக்கு ஏறிச்சி. அதனாலதானே அன்னிக்கு முடிய வெட்ட வேண்டியதாப் போச்சி."

பலகைத் தோழியின் அம்மா பாய்ந்து முன்னால் வந்தாள். "எம் பொண்ணு தலையில பேனா? வாரம் தவறாம அரப்பு போட்டு நான் கசக்கின தலைங்க அது! எவ சொன்னா? என் கண்ணப் பாத்து சொல்லச் சொல்லுங்க!"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஒரு விரற்கடை முடி முளைத்த தலையோடு, ஈரப் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு ஞாயிறும் என் தலையிலிருந்து எடுத்து எடுத்து நசுக்கியவள். யார் பேன் யாருடையது என்று அந்தக் கூட்டத்தில் அவளைவிடத் தெரிந்தவர் கிடையாது. அவள் என்னைப் பார்த்தாள். இலையைப் பார்த்தாள். தன் அப்பாவைப் பார்த்தாள்.

"ஆமாம்மா," என்றாள். "என்கிட்ட இருந்துதான் ஏறிச்சி. அது எம் பேனுதான்."

அவளுடைய அம்மா அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "மானத்த வாங்கினியேடி பாவி," என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பலகைத் தோழி அசையவில்லை.

ஊர்ப் பெரியவர் தாடையைத் தடவிக்கொண்டார். "அப்ப இது அவ தலையில இருந்து போனதுதானே?" என்றார். "முடியும் அவளோடதுன்னே நெனச்சிக்கோ. எடுப்பா முடிய."

பம்பை மறுபடி அடித்தது. கத்தி என் தலையில் இறங்கியது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அந்த இரண்டையும் ஒரே வாழை இலையில் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்ச் சாமியின் முன்னால் வைத்தார்கள். எனக்கு மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, ஒரு லோட்டா கூழ் கொடுத்தார்கள். மரத்துக்குப் பின்னால் போய் அந்தக் கூழை வாந்தி எடுத்தேன்.

மறுநாள் முதல் மணிக்கே பலகைத் தோழி வந்துவிட்டாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் எல்லோரும் வந்தார்கள். பள்ளி பிழைத்தது. அவளை மட்டும் அம்மா கடைசிப் பலகைக்கு மாற்றி உட்கார வைத்தாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்தது. கோயிலிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தோம், அம்மாவும் நானும் மட்டும். சாரல் விட்டிருந்தது. என் மொட்டைத் தலையில் காற்று பட்டது, ஐந்து வாரத்துக்குப் பிறகு அரிப்பு இல்லாமல் நடந்தேன். அம்மா முன்னால் நடந்தாள். பாதி மலை இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வகுப்பில் பேசுகிற அதே குரலில் சொன்னாள்.

"பாத்தியா அவள? எத்தன பேர் எதுர்ல தப்ப ஒத்துக்கினா பாரு. நல்ல புள்ள. நீயும் அந்த மாதிரி உண்மை பேசக் கத்துக்கணும், தெரிஞ்சிதா?"

"சரி டீச்சர்," என்றேன்.